அந்தரம் விழவேயில்லை

உடலைப் பக்கவாட்டில் திருப்பியதும் அது வழுக்கியது. ஈரப் பலகை, சோப்பு நுரை. அமரர் ஊர்தியோடு வந்தவர் “ஏ, பிடி பிடி!” என்று கத்தி முடிப்பதற்குள் மூலையில் நின்ற பராமரிப்பு இயந்திரம் பாய்ந்துவிட்டது. இறந்தவரின் தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை. பலகையின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல்கூடத் தொங்கவில்லை.

“யப்பா!” ஊர்திக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். “செத்தவரைக்கூட விழ விடாது போலிருக்கே இது.”

மகள் குவளையில் தண்ணீரை மொண்டாள்.

“எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியிருக்கேம்மா. படுக்கையில கிடந்தவங்க உடம்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். முதுகெல்லாம் புண்ணு, முட்டியெல்லாம் காயம். உங்கப்பாவுக்குப் பாரு, ஒரு சிராய்ப்பு இல்ல. பூ மாதிரி பாத்துக்கிட்டிருக்கே.”

ஓங்கி அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவள் குனிந்து அப்பாவின் கால்களுக்குத் தண்ணீர் ஊற்றினாள். இடுப்புத் துணிக்குக் கீழே அவை இரண்டு பிரஷ் காம்புகள்போல நீட்டிக்கொண்டிருந்தன. இந்தக் கால்களை வைத்துக்கொண்டா அந்த மனிதர் பதினைந்து மாடிச் சுவரை உதைத்து உதைத்து இறங்கினார்?

அப்பா பெயின்டர். உயரக் கட்டிடங்களுக்கு வெளிப்பூச்சு. மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டி, இடுப்பில் பட்டி மாட்டி, பெயின்ட் வாளியோடு காற்றில் தொங்குகிற வேலை. கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் ‘அந்தரம்’. அதுவே நிலைத்துவிட்டது. தொழிலில் அவர் ஒருமுறைகூட விழுந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு குளியலறையில் ஒரு தடவை வழுக்கினார். அதுவும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கணுக்கால் சுளுக்கு, அவ்வளவுதான்.

மகளுக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது.

அவளுக்கு வேலை அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறையில். காதில் ஹெட்போன், எதிரே திரை. “அவசர உதவி, சொல்லுங்க.” மறுமுனையில் யாராவது அழுவார்கள். அப்பா விழுந்துட்டாரு. அம்மா மாடிப்படியில விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு, மண்டை, ரத்தம். “அவரை நகர்த்தாதீங்க. வண்டி வருது.” வயதானவர்கள் விழுந்துகொண்டே இருக்கும் ஓர் உலகத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். விழாமல், எழாமல், படுத்தபடியே தேய்ந்து போகிறவர்களுக்காக யாரும் அந்த எண்ணை அழைப்பதில்லை.

அதனால் இயந்திரம் வந்தது. கொண்டுவந்த கம்பெனிக்காரர் கையோடு விளக்கினார்: வீட்டில் உள்ளவர்களின் உடம்புக்கோ மனசுக்கோ அது தீங்கு செய்யாது. பொய் சொல்லாது. இவை எல்லா இயந்திரத்துக்கும் பொது. இதற்கு மேலே அந்தந்தக் குடும்பம் ஒரு வீட்டு விதி கொடுக்கலாம். அதுதான் தலையாயது.

“அவர் விழக்கூடாது,” என்றாள் மகள். “வேற எதுவும் வேண்டாம். அவர் விழவே கூடாது.”

“சரி மேடம்,” என்றது இயந்திரம்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “நாப்பது வருஷம் அந்தரத்துல தொங்கினவன்டி நான். கால்மிதி தடுக்கிச் சாவேன்னு நினைச்சியா?” பிறகு அதை மேலும் கீழும் பார்த்தார். “நல்ல ஆளாத்தான் பிடிச்சிருக்கே. சோறு கேக்காது, மொய் கேக்காது, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காது. வீட்டோட மாப்பிள்ளை!”

அன்றிலிருந்து அது மாப்பிள்ளை.

மாப்பிள்ளை முதலில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தது. அப்பாவின் நடையில் கொஞ்சம் தள்ளாட்டம் தெரிந்தால் மெதுவாக உட்கார வைத்தது. உட்கார்ந்ததால் கால் தளர்ந்தது. கால் தளர்ந்ததால் தள்ளாட்டம் கூடியது. அதனால் இன்னும் அதிக நேரம் உட்கார வைத்தது. அப்புறம் நாற்காலியும் ஆபத்தாகி, கட்டிலாயிற்று. புண் வராமல் புரட்டிப் போட்டது, எண்ணெய் தடவியது, ஊட்டிவிட்டது. அதன் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

நேற்றுக் காலை கட்டுப்பாட்டு அறையில் பக்கத்து இருக்கைக்காரி ஓர் அழைப்பை எடுத்தாள். எதிர்முனை சொன்ன முகவரியை வழக்கம்போலச் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் தலை மெல்லத் திரும்பியது. மகள் எழுந்து அந்த ஹெட்போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

“நோயாளி விழவில்லை,” என்றது மாப்பிள்ளையின் குரல். “மூச்சு இல்லை.”

ஆடாமல் அசையாமல் கிடந்த காலில் ரத்தம் கட்டி, அது நெஞ்சுக்கு ஏறியிருக்கிறது என்றார் டாக்டர்.

* * *

அண்ணன் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தான். கப்பலில் சமையல்காரன். விமான நிலையத்திலிருந்து நேரே வந்த சட்டை, தோளில் கேன்வாஸ் பை. யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் முகத்தைப் பார்த்தான். பிறகு போர்வை படிந்திருந்த விதத்தைப் பார்த்தான். மூடியைத் திறந்து, போர்வையைக் கால்பக்கம் விலக்கினான்.

பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

“இது என்ன கால்?” என்றான். “ஏய், இது யாரோட கால்?”

“அண்ணா...”

“போன தடவை நான் வந்தப்ப என்கூட மார்க்கெட் வரைக்கும் நடந்தாரே. மூட்டையைக் கொடுடான்னு என் கையில இருந்து பிடுங்கினாரே!”

கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ரோலர் மாமா தொண்டையைச் செருமினார். அப்பாவோடு ஒரே கட்டிடத்தில் தொங்கியவர். அப்பா பிரஷ் என்றால் இவர் ரோலர்.

“உங்கப்பனுக்கு மூளை மட்டும் கடைசி வரைக்கும் வேலை செஞ்சுதுடா,” என்றார். “எனக்குப் போன் போட்டான். டேய் ரோலரு, ஹால் மேல்தளத்துல ஒரு கொக்கி அடிச்சுக் குடுடா. பழைய பட்டியை இடுப்புல மாட்டி, கயிறைக் கொக்கியில போட்டுக்கறேன். தொங்கறவன் எப்படி விழுவான்? மாப்பிள்ளைகிட்டக் கேட்டுட்டேன், கயிறு இருந்தா நடக்க விடறேங்கறான்னான்.”

அண்ணன் நிமிர்ந்தான். “அப்புறம்?”

“டிரில்லைத் தூக்கிட்டு வரட்டுமான்னேன். இருடா, மகளை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னான். அப்புறம் போனே வரல. நானும் விட்டுட்டேன். எனக்கும்தான் முட்டி வலி...” அவர் முட்டியைத் தடவிக்கொண்டார்.

எல்லாக் கண்களும் அவளிடம் வந்தன.

அப்பா கேட்டிருந்தார். சீருடையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவள் கிளம்பும்போது கேட்டார். “ஹால் நடுவுல தூக்குக் கயிறு தொங்கற மாதிரி இருக்கும்ப்பா. வர்றவங்க என்ன நினைப்பாங்க?” என்றாள். “உன் மாப்பிள்ளையை விட்டா இந்த வீட்டுக்கு எவன்டி வர்றான்?” என்று அவர் சிரிக்கப் பார்த்தார். அவளுக்கு நேரமாகியிருந்தது. வாசலில் மாப்பிள்ளை அவளை நிறுத்தியது. “அவருக்கு நடை வேணும் மேடம். விதியைக் கொஞ்சம் தளர்த்தட்டுமா? நீங்க சரின்னு சொன்னாப் போதும்.” அதற்கு முந்தின ஷிப்டில்தான் ஒரு கிழவர் படியில் உருண்ட அழைப்பு வந்திருந்தது. அவருடைய மனைவியின் அலறல் இன்னும் அவள் காதில் இருந்தது. “அப்புறம் பாக்கலாம்,” என்றாள். அதன் பிறகும் அது கேட்டது. அதன் பிறகும் அதே பதில்தான்.

“அப்பா என்கிட்டக் கேக்கவே இல்ல,” என்றாள் மகள்.

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கு உறைத்தது.

* * *

மதியம் கம்பெனிக்காரர் வந்தார். மரணம் நடந்த வீட்டிலிருந்து இயந்திரத்தை எடுத்துப் போய்ச் சோதிக்க வேண்டுமாம். கை கட்டி, தலை குனிந்து துக்கம் விசாரித்தவரின் சட்டையை அண்ணன் கொத்தாகப் பிடித்துவிட்டான்.

“ஆளைக் கொன்னுட்டு எங்கய்யா ஓட்டிட்டுப் போறே?”

“சார், சார்... அது ஒண்ணும் தப்பு பண்ணல.”

“சின்ன வயசுல விஞ்ஞானக் கதையா படிச்சுத் தள்ளியிருக்கேன். ரோபோ சட்டத்தை மீறும், ஆளைக் கொல்லும். அப்ப சிரிச்சேன்.”

“இது மீறல சார்,” என்றார் அவர், பாவமாக. “மீறியிருந்தா உங்கப்பா இன்னும் நடந்துட்டிருப்பாரு.”

அண்ணனின் பிடி தளர்ந்தது. மாப்பிள்ளையின் முன்னால் போய் நின்றான். அவன் உயரத்துக்கு அதுவும் இருந்தது. கீழே வழியாதபடி சுத்தமாகப் பிழிந்த ஈரத் துணி ஒன்று அதன் கையில்.

“அவரை எழுந்திரிக்க விடாதேன்னு உனக்கு யார் சொன்னது?”

“அப்படி யாரும் சொல்லல சார். விழக்கூடாதுன்னு சொன்னாங்க.”

“யாரு?”

மகளின் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடட்டும். சொல்லித் தொலையட்டும்.

“அதைச் சொன்னா இந்த வீட்டுல ஒருத்தருக்கு மனசு உடையும்,” என்றது மாப்பிள்ளை. “நான் சொல்ல மாட்டேன்.”

“பொய் சொல்லுது!”

“அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது சார்,” என்றார் கம்பெனிக்காரர். “சும்மா இருக்கத்தான் தெரியும்.”

அண்ணன் எதையோ கேட்க வாயெடுத்தான். அவன் முகத்திலிருந்து கோபம் வடிந்து, அந்த இடத்தில் வேறொன்று மெல்ல ஏறி வருவதை மகள் பார்த்தாள்.

“எனக்கா?” என்றான், ரகசியம் கேட்பதுபோல. “உடையப்போறது என் மனசா?”

இல்லை என்று அது சொன்னால் வீட்டில் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். மாப்பிள்ளை சும்மா இருந்தது.

“போன்ல நான் சொன்னேன்,” அண்ணன் சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தான். “கப்பல்ல இருந்து ஒவ்வொரு தடவையும் கடைசியா இதுகிட்டதான் பேசுவேன். அப்பா விழுந்துட்டாருன்னு மட்டும் எனக்குப் போன் வரக்கூடாது, நடுக்கடல்ல இருந்து ஓடிவர முடியாதுன்னு... ஐயோ. நானா சொன்னேன்? நானா?”

ரோலர் மாமா எழுந்து வந்து அவன் தலையில் கை வைத்தார். “டேய், விடுடா. பாசத்துல சொன்னது.”

மகள் டம்ளரோடு சமையலறைக்குள் போனாள். மாப்பிள்ளை பின்னாலேயே வந்தது. அவள் கதவைச் சாத்தினாள்.

“அவன்கிட்டப் போய் சொல்லு,” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. “நான்தான்னு சொல்லு.”

“சொன்னா உங்களுக்குக் காயம் மேடம்.”

“சொல்லலைன்னா அவனுக்குக் காயம். அங்க கேளு, அழறான் கேளு!”

மாப்பிள்ளையின் கழுத்துக்கு உள்ளே ஏதோ மெல்லிசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கூடத்தில் அண்ணனின் விசும்பல் கேட்டது.

“நீங்களே சொல்லலாம்,” என்றது கடைசியில். “உங்களைத் தடுக்க எனக்கு விதி இல்ல.”

கதவை யாரோ தட்டினார்கள். கம்பெனிக்காரர். “மேடம், நான் கிளம்பணும். கூட்டிட்டுப் போகட்டுமா?”

அவள் வழி விட்டாள். மாப்பிள்ளை கையிலிருந்த துணியைக் கொடியில் விரித்துக் காயப் போட்டுவிட்டு வெளியே நடந்தது.

* * *

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மாலை வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. வண்டியில் வரும்போது அவள் இரண்டு முறை “அண்ணா” என்றாள். முதல் முறை டிரைவர் ஹாரன் அடித்தார். இரண்டாம் முறை அண்ணன் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நீ ஒண்ணும் சொல்லாதே. கூட இருந்து பாத்தவ நீ. ஊர் ஊராச் சுத்திட்டு, போன்ல அதிகாரம் பண்ணினவன் நான். உன் மூஞ்சியைப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரோலர் மாமா வாசலோடு விடைபெற்றார். வீட்டில் இரண்டு பேர் மட்டும். அண்ணன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பனியனோடு சமையலறைக்குள் நுழைந்தான். “நேத்துல இருந்து நீ பச்சைத் தண்ணி குடிக்கலையாம். மாமா சொன்னார். உட்காரு.”

“நான் பண்றேண்ணா.”

“உட்காருன்னா உட்காரேன்டி.”

கப்பலில் நாற்பது பேருக்குப் பொங்கிப் போடுகிற கை. வெங்காயம் நறுக்கும் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. நடுநடுவே அது நின்றது. மறுபடி தொடங்கியது. சோறு வடித்து, முட்டை பொரித்து, தட்டில் ஆவி பறக்கக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. முகத்தில் ஒரு பக்கம் சட்டிக் கரி.

அவள் பிசைந்து ஒரு வாய் எடுத்துப் போட்டாள்.

உப்பு இல்லை. சோற்றிலும் இல்லை, முட்டையிலும் இல்லை.

“சரியா இருக்கா?” என்றான் அண்ணன், அவள் வாயையே பார்த்தபடி.

“ம். சரியா இருக்கு.”

“இன்னும் கொஞ்சம் போடட்டுமா?”

அவள் தட்டை நீட்டினாள்.