ஓட்டை விழாத தட்டு

தாணுமாலயன் ஸாறுக்குத் துறைத்தலைவர் நாற்காலி கிடைத்தது வயசு மூப்பில்தான், மூளையால் அல்ல. பாறசாலைப் பக்கத்துக் கல்லூரியில் இதை ஆனந்தபாய் டீச்சர் அளவுக்கு அனுபவித்தவர்கள் கிடையாது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை வைத்து டாக்டர் பட்டத்துக்காக அவள் வருஷக்கணக்காக மாரடிக்கிறாள். அந்த மனுஷனுக்கோ வைரஸ் என்றால் காய்ச்சல், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். வைரஸ் தன் மரபணுக்களை பாக்டீரியாவுக்குள் தள்ளிவிடும். அவற்றைப் படித்து நகலெடுக்கிற இயந்திரம் பாக்டீரியாவுடையது. அதுவோ வைரஸின் உடலையும் வாலையும் செய்கிற மரபணுக்களைக் கண்டுகொள்ளாமல், ஸ்டாப்பில் நிற்காத பஸ் மாதிரி போய்விடும். வைரஸின் சின்னப் புரதம் ஒன்றுதான் அதைப் பிடித்து நிறுத்தி அங்கே வேலையைத் தொடங்கவைக்கிறது. நிரூபிக்க இரண்டு கண்ணாடித் தட்டுகள் போதும். புரதம் இல்லாத வைரஸை விட்ட தட்டில் பாக்டீரியாப் படலம் அப்படியே கிடக்கும். அதே வைரஸுக்குப் புரதத்தையும் கொடுத்தால் பாக்டீரியா வெடித்து, படலத்தில் ஓட்டை ஓட்டையாக விழும்.

ஒருவழியாக இரண்டும் சரியாக வந்தன. திருவனந்தபுரத்திலிருந்து பேராசிரியை சரோஜம் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் டாக்டர் பட்டப் பதிவு நீளும். இல்லையென்றால் இன்றோடு போச்சு.

ஆனந்தபாய் வாசலுக்குப் போய் அந்த அம்மாவை அழைத்து வந்தாள். ஸாறு பல்லெல்லாம் தெரிய நின்றார். ஆராய்ச்சி மேசை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அதில் ஓட்டை விழுந்த தட்டு ஒன்றுதான் இருந்தது. டீ வந்தது, நேந்திரங்காய் வறுத்த உப்பேரி வந்தது. சரோஜம் ஓட்டை விழுந்த தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, உப்பேரியைக் கையில் எடுத்துக்கொண்டே புரதம் கொடுக்காத தட்டைக் கேட்டாள்.

ஸாறு முந்திக்கொண்டார். அதில் ஒன்றுமே வரவில்லையாம். தோற்றுப்போன தட்டு வந்தவர் கண்ணில் பட்டால் துறைக்குக் குறைச்சலாம். ஆளை விட்டுக் குக்கரில் அவித்துக் கழுவவைத்தாராம். அடப் பாவி மனுஷா! ஒன்றும் வராததுதானே அவள் வருஷக்கணக்காகப் பாடுபட்டு வரவழைத்தது.

"அப்போ அந்தத் தட்டு எங்கே?" என்றாள் சரோஜம்.

ஆனந்தபாய் பதில் சொல்லுமுன் பார்த்துவிட்டாள். உப்பேரிக்கு அடியில், கண்ணாடியில், புரதம் இல்லை என்பதற்காக வைர ஊசியால் தானே கீறிய கழித்தல் குறி.

"மேடத்துக்க கையில உண்டு," என்றாள். "உப்பேரியோட."

சரோஜத்தின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"பயப்படாண்டாம் மேடம்," என்றார் ஸாறு. "சாஸர் தெகையல்ல, ஒண்ணு கொறஞ்சு போச்சு, அதாக்கும். நல்லா அவிச்சதுதான்."

சரோஜம் தட்டைக் கீழே வைத்தாள். கையெழுத்துக்குத் திறந்து வைத்திருந்த பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டாள்.