உரிமையாளரின் பதில்

வெள்ளிக்கிழமை பனிப்புயல் என்று வானொலி உறுதியாகச் சொல்லிவிட்டது. சிக்கிக்கொண்ட கார்களைக் கட்டி இழுக்கும் மார்னி சோர்னியின் டோயிங் வண்டிகள் இரண்டும் டீசல் குடித்துவிட்டு நின்றன. சங்கிலி தயார். ஓட்டுநர்கள் தயார். அழைப்புகள் மட்டும் அவளிடம் வரவில்லை. அவை அரிசோனாவுக்குப் போய்க்கொண்டிருந்தன.

பிராண்டன் நகரில் கார் பள்ளத்தில் இறங்கினால் யாரும் நம்பரை ஞாபகப்படுத்திப் பார்ப்பதில்லை. செல்போனில் வரைபடத்தைத் திறந்து 'டோயிங்' என்று தட்டுவார்கள். முதலில் வந்து நிற்பது சவாட்ஸ்கி டோயிங். நட்சத்திரங்கள், படங்கள், 'அழைக்க' என்றொரு பொத்தான். அந்தக் கம்பெனியைப் பெயர், வண்டி, போர்டு சகிதம் வேர்ன் சவாட்ஸ்கியிடமிருந்து மார்னி கோடையிலேயே வாங்கிவிட்டாள். ஆனால் பொத்தானுக்குப் பின்னால் இருந்த எண் வேர்னின் சொந்த செல். குளிர் ஆரம்பித்ததும் அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு, வெயில் அடிக்கும் அரிசோனாவுக்கு கோல்ஃப் ஆடப் போய்விட்டார்.

"பொண்ணே, ஒருத்தன் கூப்பிட்டான்," என்றார் வேர்ன் போனில். "ஷைலோ ரோட்ல பள்ளத்துல கிடக்கானாம்."

"எப்போ கூப்பிட்டான்?"

"ஒம்பதாவது குழியில ஆடிட்டிருந்தேன். இப்ப பதினாலு."

"வேர்ன், இதுக்குள்ள அவன் ஐஸ்கட்டி ஆயிருப்பான்! வரைபடத்துல இருக்கற லிஸ்டிங்கை என் பேருக்கு மாத்திக் குடுங்கன்னு எத்தனை தடவை கேக்கறது?"

"பாஸ்வேர்டு பழைய போன்ல இருந்துச்சு."

"பழைய போன் எங்கே?"

"ஏரிக்கு அடியில. மீன் பிடிக்க ஐஸ்ல ஓட்டை போட்டேன். மீன் வெளியே வரலை, போன் உள்ளே போயிடுச்சு." அவரே சிரித்துக்கொண்டார். "அந்த லிஸ்டிங்கை ஆரம்பிச்சதே நான் இல்லையே. ஜனெல். எல்லாம் அவ மெயில்லதான் இருக்கு. நான் சும்மா பதில் எழுதிட்டிருந்தவன்."

ஜனெல் ஃபிட்லர். ஊருக்கே தெரிந்த பெயர். சவாட்ஸ்கி டோயிங்கைத் தேடுகிறவர்கள் முதலில் படிக்கும் விமர்சனம் ஒன்று உண்டு. ஒரு பெண் எழுதியது. அழைத்தும் வண்டி வராமல் விடியும்வரை பள்ளத்தில் காருக்குள் கிடந்தாள். உறைபனியில் இரண்டு கால் விரல்கள் போயின. அதற்குக் கீழே, 'உரிமையாளரின் பதில்' என்ற தலைப்பில் வேர்ன் எழுதியிருந்தார்: "அழைப்பு எடுக்கும் ஜனெல் ஃபிட்லர் வேலை நேரத்தில் தூங்கிவிட்டார். அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டோம். மன்னிக்கவும்."

"அவ நிஜமாவே தூங்கிட்டாளா?" என்று கேட்டாள் மார்னி.

"அட, அன்னிக்கு ஐஸ்ல கல்லு தள்ளி ஆடற கர்லிங் ஃபைனல் எனக்கு, பொண்ணே. அவ கூப்பிட்டா, கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. என் போன் லாக்கர்ல. வண்டிச் சாவி என் பாக்கெட்ல. கப்பு, பீருன்னு விடிஞ்சே போச்சு. யாரையாவது சொல்லித்தானே ஆகணும்? சரி, என் முறை வந்தாச்சு, வைக்கிறேன்."

ஜனெல் இப்போது ஊர்க்கோடியில், தானிய லாரிகளை எடை போடும் கொட்டகையில் வேலை பார்த்தாள். ஷைலோ ரோட்டுக்கு ஒரு வண்டியை அனுப்பிவிட்டு மார்னி அங்கே போனாள். அவள் உள்ளே நுழைந்ததும் ஜனெல் நிமிர்ந்து பார்த்தாள்.

"புயல் வர்றதுக்குள்ள யாராவது வருவாங்கன்னு தெரியும். வேர்ன் வருவார்னு நெனச்சேன்."

"அவர் கோல்ஃப் ஆடறார்."

"ஆடட்டும். ஆட்டம்னா அவருக்கு உயிர்."

மார்னி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இத்தனை வருஷமா லிஸ்டிங்கோட சாவி உங்ககிட்டதான் இருந்திருக்கு. அந்தப் பதிலை ஏன் அழிக்கலை?"

"அழிச்சா? படிச்சவங்க மண்டையில இருந்து போயிடுமா? பயந்து அழிச்சுட்டான்னு அதையும் சேர்த்துச் சொல்லுவாங்க."

"'நிரந்தரமா மூடியாச்சு'ன்னு போட்டு அவரைப் பழி வாங்கியிருக்கலாமே."

"போட்டிருக்கலாம். பள்ளத்துல கிடக்கிறவன் என்ன பாவம் பண்ணான்?"

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஜனெல் எடையைப் பார்த்துவிட்டுக் கையசைத்து அனுப்பினாள்.

"அப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"அது உரிமையாளரோட பதில். உரிமையாளர்தான் திருத்தணும். ஆம்புலன்ஸ் அழைப்பு எடுக்கற வேலைக்கு ரெண்டு தடவை போனேன். ரெண்டு தடவையும் 'ஓ, அந்த ஜனெல்லா?'ன்னாங்க. இந்த வேலை எனக்கு வரும்ங்க. நல்லாவே வரும்." செல்போனை எடுத்தாள். "உங்க மெயில் சொல்லுங்க."

"நான் எழுதறேன்னு இன்னும் சொல்லவே இல்லையே."

"எழுதினா எழுதுங்க. எழுதாட்டி போங்க. புயல் நமக்காக நிக்காது."

அன்று மாலையே லிஸ்டிங்கில் மார்னியின் எண் ஏறியது. ஒரு முடிச்சு மட்டும் பாக்கி. முதன்மை உரிமை உடனே கைமாறாது. ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அதுவரை ஜனெல் நினைத்தால் ஒரு விரலால் மார்னியை வெளியே தள்ளிவிடலாம்.

புயல் சொன்னபடி வந்தது. போன் ஓயவில்லை. பள்ளத்தில் கார்கள், பாலத்தடியில் பால் லாரி, தேவாலய வாசலில் பாதிரியாரின் ஜீப். அந்த ஒரு வாரத்தில் மார்னியின் குளிர்கால வருமானம் நிமிர்ந்துவிட்டது. ஜனெலிடமிருந்து அழைப்பும் இல்லை, செய்தியும் இல்லை.

வாரம் முடிந்ததும் ஒரு மெயில் வந்தது. 'நீங்கள் இப்போது முதன்மை உரிமையாளர்.' மார்னி திறந்து பார்த்தாள். உரிமையாளர் பட்டியலில் ஜனெலின் பெயர் இல்லை. மாற்றிக் கொடுத்த கையோடு தன்னையே நீக்கிக்கொண்டிருந்தாள். இனி மார்னியைக் கேட்க ஆள் கிடையாது.

"எழுதப் போறீங்களா, பாஸ்?" என்றான் அவளுடைய ஓட்டுநர் டுவேன், கையுறையைக் கழற்றியபடி. "சும்மா இருங்க. தப்பு நம்ம கம்பெனியோடதுதான்னு நம்ம வாயாலேயே சொன்னா, அடுத்தவன் கம்பெனிப் பொத்தானைத்தான் அழுத்துவாங்க."

"அழுத்தலாம்," என்றாள் மார்னி.

காப்பியை நகர்த்தி வைத்துவிட்டு, வேர்னின் வரிகளை எடுத்துவிட்டுத் தட்டினாள்:

"இங்கே முன்பு இருந்த பதில் பொய். அன்று ஜனெல் ஃபிட்லர் தூங்கவில்லை. விடியும்வரை அழைத்துக்கொண்டே இருந்தார். போனை எடுக்காதவர் அப்போதைய உரிமையாளர். இதை அவரே என்னிடம் சொன்னார். — மார்னி சோர்னி, உரிமையாளர்."

மறுநாள் மதியம் அரிசோனாவிலிருந்து அழைப்பு.

"என் பேர்ல எவ எழுதினது இதை?"

"உங்க பேர்தான், வேர்ன். வித்துட்டீங்க. நான் வாங்கிட்டேன்."

"கர்லிங் கிளப்பு முழுக்கப் படிச்சிருக்கானுங்க! நான் எப்படி ஊர்ல தலை காட்டறது?"

"ஏப்ரல்லதானே வரப் போறீங்க. அதுக்குள்ள ஒரு பதில் யோசிங்க."

"அழிச்சிடு, மார்னி. இப்பவே அழி!"

"அது உரிமையாளரோட பதில்."

இன்னொரு அழைப்பு குறுக்கே வந்து ஒலித்தது. உள்ளூர் எண்.

"வைக்கிறேன், வேர்ன். யாரோ பள்ளத்துல கிடக்காங்க." பொத்தானை மாற்றி அழுத்தினாள்.

"சவாட்ஸ்கி டோயிங். சொல்லுங்க, எங்க இருக்கீங்க?"