கிளியனூர் ஆடு

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து வெனிலாவுக்கு நாள் தள்ளிப்போனது. விஷயம் உறுதியானதும் அவள் புருஷன் வளன் கிளியனூருக்குப் போய் ஒரு சினையாடு வாங்கி வந்தான். அவன் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பார்சல் ஏற்றும் மினி வேன் ஓட்டுகிறவன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஆட்டை நிற்கவைத்து கெடாருக்குக் கொண்டுவந்து இறக்கினான். வெனிலா இனிமேல் காட்டு வேலைக்குப் போகக்கூடாது. வீட்டில் சும்மாவும் இருக்கமாட்டாள். ஆடு இருந்தால் பொழுது போகும் என்று நினைத்தான்.

“கூட ஒருத்தி சினையா இருந்தா உனக்கும் தெம்பா இருக்கும்ல?” என்றான்.

“அப்ப ரெண்டு பேருக்கும் நீங்கதான் தண்ணி காட்டணும்,” என்று சிரித்தாள்.

செவலை ஆடு. மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் கொடியென்றால் உயிரை விடும். வெனிலா வாசலுக்கு வந்தாலே கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தும்.

நாள் இன்னும் இருக்கும்போதே ஒரு காலையில் அது முக்க ஆரம்பித்தது. வளன் வண்டியில் போயிருந்தான். குட்டியின் கால் மட்டும் வெளியே தெரிந்தது, அதற்கு மேல் வரவில்லை. வெனிலா தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டிபோட்டு, வெறுங்கையால் மெல்ல இழுத்து எடுத்தாள். வாய்க்குள் விரல்விட்டு வழித்தாள், மூக்கில் ஊதினாள். குட்டிக்கு உயிரில்லை. அடுத்ததற்கும் இல்லை. குட்டிகளையும் நஞ்சுக்கொடியையும் அள்ளிக்கொண்டு போய்த் தோட்டத்தில் புதைத்துவிட்டு, கையைக் கழுவி, வளனுக்குப் போன் போட்டாள்.

“ஆடு குட்டி வீசிடுச்சிங்க.”

“நீ ஏன் கை வச்ச? யாரையாவது கூப்புட்டிருக்கலாம்ல?”

“என்னையே பாத்து கத்துதுங்க. எப்படி உட்டுட்டுப் போறது?”

சில வாரம் போனது. சாயந்திரமானால் வெனிலாவுக்கு உடம்பு கொதித்தது. தலையணை நனைகிற அளவுக்கு வியர்த்து, காலையில் ஒன்றுமில்லாததுபோல் ஆகிவிடும். இடுப்பு விண்ணென்று வலித்தது. ஊருக்கு வரும் நர்ஸம்மா, மாசமாயிருந்தால் அசதி இருக்கும் என்றார். கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் அடங்கியது, திரும்ப வந்தது.

ஆறாம் மாதத்தில் வலி எடுத்தது. வளன் பார்சலையெல்லாம் இறக்கிப்போட்டுவிட்டு, வேனிலேயே விழுப்புரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பெண் குழந்தை. வயிற்றிலேயே இறந்திருந்தது. வெனிலா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்க, துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. வேனில் ஊருக்குக் கொண்டுவந்து, கல்லறைத் தோட்டத்தில் வேலியோரமாகத் தானே குழி வெட்டி, தானே மண்ணைத் தள்ளிவிட்டு, நனைந்தபடி வேனை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினான்.

குழந்தை போனபிறகும் காய்ச்சல் விடவில்லை. யாரோ சொல்லி, திண்டிவனத்தில் டாக்டர் அருணாவிடம் கூட்டிப்போனான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கடைசியாகக் கேட்டார்.

“வீட்ல ஆடு மாடு இருக்கா?”

“ஒரு ஆடு இருக்குதுங்க.”

“அதுக்குச் சினை கலைஞ்சுதா?”

வெனிலா வளனைத் திரும்பிப் பார்த்தாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் விளக்கிச் சொன்னார். “உடம்புக்குள்ள வர்ற கிருமியை முழுங்கிக் கொல்றதுக்குன்னே சில அணுக்கள் இருக்கும்மா. உங்களுக்கு வந்திருக்கற இந்தக் கிருமியையும் அது முழுங்கும். ஆனா இது சாகாது. அந்த அணுவுக்குள்ளயே ஒரு பை மாதிரி அமைச்சுக்கிட்டுப் பெருகும். ரத்தத்துல தேடுற மருந்துக்கு லேசுல ஆப்புடாது. அதனாலதான் காய்ச்சல் போய்ப்போய் வருது. நஞ்சுக்கொடியில இது வேகமாப் பரவி, கருவைக் கலைச்சிடும். ஆட்டுக்கும் அப்படித்தான், சில சமயம் மனுஷங்களுக்கும்.”

“கொல்ல வந்தவன் வூட்லயே குடித்தனம் பண்ணுதா?” என்றாள் வெனிலா. பிறகு, “அப்ப நான் அதத் தொட்டதாலதானா?” என்று கேட்டாள்.

டாக்டர் ரிப்போர்ட்டை மடித்து வைத்தார். “நீங்க தப்பு எதுவும் பண்ணலம்மா. தெரியாம நடந்தது.”

“தெரியாம இல்லீங்க டாக்டர். உயிர் போவுதுன்னு கத்துச்சி. தெரிஞ்சிதான் தொட்டேன்.”

ஆறு வாரத்துக்கு இரண்டு வகை மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது, காய்ச்சல் நின்றதும் நிறுத்திவிட்டால் உள்ளே மிச்சமிருப்பது மறுபடி கிளம்பும் என்றார். பஸ்ஸில் வெனிலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“ஆடு வீசுச்சி. நானும் வீசிட்டேன்.”



ஆட்டுக்கும் அதே கிருமிதான் என்று கால்நடை டாக்டர் சொன்னார். குணமாக்க வழியில்லை, விற்கவும் கூடாது. விஷயம் தெரியாமல் ஒரு வியாபாரி வந்து விலை கேட்டபோது வெனிலாதான் எழுந்துவந்தாள். “வேணாங்க. இத புடிச்சிக்கினு போற வூட்லயும் ஒரு பொம்பள இருப்பா.” ஊசி போட்டு, சுண்ணாம்பு கொட்டி ஆழக் குழியில் புதைத்தார்கள். அவள் உள்ளே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வளன் நேராகக் கிளியனூருக்குப் போனான். ஆட்டை விற்ற அலெக்ஸ் கயிற்றுக் கட்டிலில் முடங்கிக் கிடந்தான்.

“ஆடுங்க வீசும்னு தெரிஞ்சிதான எனக்குக் குடுத்த?”

“அப்ப வீசலடா. நீ ஓட்டிக்கினு போன பொறவுதான் ஒண்ணொண்ணா… கண்ணு பட்டுதுன்னு நெனச்சேன்.” எழுந்திருக்கப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி சாய்ந்தான். “எனக்கே உடம்பு பேஜாரா கீது.”

வளன் அவனை உற்றுப் பார்த்தான். “சாயந்திரமானா காய்ச்சல் வருதாண்ணே?”

“உனக்கெப்படிடா தெரியும்?”

வளன் குனிந்து கை கொடுத்து எழுப்பினான். அவனைத் தாங்கிக் கூட்டிவந்து வேனில் ஏற்றி, திண்டிவனத்தில் டாக்டர் அருணாவிடம் கொண்டுபோய் விட்டான்.

மாத்திரை முடிந்து மறுபடி பார்த்தபோது, வெனிலாவுக்குச் சரியாகிவிட்டது, கொஞ்ச மாதம் போகட்டும், இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்றார் டாக்டர். வளன் கைகூப்பினான். வெனிலா தலையசைத்தாள், அவ்வளவுதான்.

ஊருக்குள் வண்டி திரும்பும்போது, “கல்லறைத் தோட்டத்துக்குப் போங்க. எந்த எடம்னு காட்டுங்க,” என்றாள்.

மழைக்காலம் முழுக்க வளர்ந்த புல் வேலியோரமெங்கும் இடுப்புயரம் நின்றது. வளன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தான். திரும்பி வந்தான். அடையாளத்துக்கு ஒரு குச்சிகூட நட்டுவைக்கவில்லை அவன்.

“இங்கதான் எங்கயோ…” என்றான். “அவசரத்துல… மழை… எனக்குத் தெரியல வெனிலா.”

அவள் அவனைத் திட்டவில்லை. அவன் நின்ற இடத்தில் குந்தி, கையில் அகப்பட்ட புல்லைப் பிடுங்கிப்போட்டாள். அவனும் பக்கத்தில் குந்தினான். வேலியோரம் முழுக்க, ஒரு சாண் விடாமல், இருவரும் பிடுங்கிக்கொண்டே போனார்கள்.