ராமாத்தாளின் நீலப் படுதா

இரண்டு நாள் குளத்தில் துடுப்புப் போட்டதில் சென்னியப்பனின் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. செய்தது என்னவோ பாய்மரப் படகு. ஆனால் காற்று அடித்ததும் அது மூக்கைக் காற்றுப் பக்கமே திருப்பிக்கொண்டு நின்றுவிடும். துடுப்புப் போட்டுத்தான் கரை சேர வேண்டும்.

அன்னூர் பக்கம் குட்டை வெட்டி விடுதி நடத்தும் பாலகோபால் இன்று மாலை வருகிறார். படகு அக்கரைக்கு நேராகப் போனால் ஆறு படகுக்கு ஆர்டர். போத்தனூரில் கேட், கிரில் அடிக்கும் சென்னியப்பனுக்கு நாலு மாதமாக வேறு வேலையில்லை.

"ஏனுங்ண்ணா, பாய்மரத்த எங்க நட்டீங்க?" என்றாள் கூட வெல்டிங் செய்யும் கிருபாவதி.

"நட்டநடுவுல, அம்மணி. நூல் புடிச்சு."

"கேட் கம்பமாங்க இது?"

அவள் மூங்கில் கழியால் படகின் விலாவைத் தள்ளிப் பார்த்தாள். முன்னால் தள்ளினால் மூக்கு ஓடியது. பின்னால் தள்ளினால் வால் ஓடியது. நடுவில், தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அடித்தகடு இருந்த இடத்தில் தள்ளியபோது மட்டும் எருமை மாதிரி மொத்தமாக நகர்ந்தது.

"தண்ணி தாங்கற எடம் இதுங்க. பாய் பூராவும் இதுக்குப் பின்னால தொங்குது. காத்து வாலைத் தள்ளுனா மூக்கு திரும்பாம என்ன பண்ணும்? கம்பத்த முன்னால நகத்துங்க."

மற்றவர்கள் முதலில் அங்கங்கே வெல்டுப் பொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முழு வெல்டு அடிப்பார்கள். சென்னியப்பனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. "சுத்தியும் அடிச்சுபோட்டேன் கண்ணு. அறுத்தா படகு ஓட்டையாயிரும்."

"அப்பப் பாயை அறுங்க. பின்பாதிய வெட்டி முன்னால கட்டிப்போடலாம்."

"அது அக்கரைக் காட்டு ராமாத்தாக்கா படுதா. சோளம் காயப்போடறது. ஊட்டுக் கூரை ஒழுகுதுன்னு வாங்கியாந்தேன்."

"மழையே இல்லீங்களே?"

"அக்காளும் அதையேதான் கேட்டுச்சு."

கத்தரி இல்லை. அரிவாளால் அறுத்தார்கள். வெட்டிய துண்டு கம்பத்துக்கும் மூக்குக்கும் நடுவே ஏறியது. பாலகோபால் டீ டம்ளரோடு கரையில் வந்து நின்றார். காற்று அடித்தது. படகு ஒருதரம் நெளிந்துவிட்டு நேராகப் போனது. உள்ளே உட்கார்ந்திருந்த சென்னியப்பனுக்குச் சுக்கானைப் பிடிக்க ஒற்றை விரல் போதுமாக இருந்தது.

"போகுதுங்கோ!" என்று கத்தினார்.

நிறுத்துவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. படகு அக்கரைச் சேற்றில் ஏறித்தான் நின்றது. சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த ராமாத்தாள் நிமிர்ந்து பாயைப் பார்த்தாள். தன் கையால் ஒட்டுப்போட்ட மூலை காற்றில் ஆடியது.

"ஏண்டா சென்னி, இதுதான் உன்ற கூரையா?"

"ஆறு படகுக்கு ஆர்டர்ங்க்கா!"

"சோளத்தப் படகுலயாடா காயவெக்கறது?"

ஆறு படகும் குட்டைக்குப் போய்விட்டன. ராமாத்தாளுக்குச் சென்னியப்பன் தர வேண்டிய பதினெட்டுக்குப் பன்னிரண்டடி நீலப் படுதா இன்னும் போகவில்லை.