ஐந்தாவது பெனால்டி

தோற்ற மறுநாள் ஊருக்குப் பசி அதிகம். யாரையாவது மென்று தின்றால்தான் அடங்கும். லாண்டரிக்காரர் கடைக்கு வந்தபோதே எதிரில் மருந்துக்கடை வாசலில் ஒரு கூட்டம் நின்றது. முந்தைய நாள் முகத்தில் பூசிய கொடிச் சாயத்தைச் சரியாகக் கழுவக்கூட இல்லை, அதற்குள் வாயைக் கழுவ வந்துவிட்டார்கள். நாட்டு அணி காலிறுதியில் பெனால்டியில் தோற்றுப் போயிருந்தது. அதுவும் யாரிடம்? இதுவரை ஒரு தடவைகூட நம்மை ஜெயிக்காத அணியிடம். கோப்பை கைக்கு வந்தேவிட்டது என்று இருந்தவனுக்கு விடிந்ததும் கை காலி. காலியான கை கல்லைத்தான் தேடும்.

கல்லெறிய ஆள் கிடைத்திருந்தான். நாலு பேர் உதைத்து நாலும் கோல். ஐந்தாவதாகப் போய்ப் பந்தைக் கம்பத்துக்கு மேலே பறக்கவிட்டான் ஒரு சின்னப் பையன். கடைசிப் பத்து நிமிஷத்துக்குத்தான் அவனை உள்ளே இறக்கியிருந்தார்கள். ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருப்பதால் எல்லோரும் அவனை எறும்பு என்பார்கள். அவனுடைய அம்மா லாண்டரிக்காரர் கடையில்தான் இஸ்திரி போடுகிறாள்.

அணியின் கேப்டன் லாண்டரிக்காரருடைய ஒரே மகன்.

இரண்டு பையன்களும் கடைக்குப் பின்னால், காயப்போட்ட ஓட்டல் விரிப்புகளுக்கு நடுவே பந்து உதைத்து வளர்ந்தவர்கள். எறும்பை அணிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்ததே கேப்டன்தான்.

அந்த அம்மா வழக்கமான நேரத்துக்கே வந்து ஸ்டீம் பெட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"இன்னைக்கு வீட்டுல இருந்திருக்கலாமேம்மா" என்றார் லாண்டரிக்காரர்.

"வீட்டுல இருந்தா கதவைத் தட்டித் தட்டிக் கேக்கறாங்கண்ணே, எங்க உன் மகன்னு. இங்கன்னா நீங்க இருக்கீங்க. உங்களைத் தாண்டி யாரு வரப்போறா?"

அவர் பில் புத்தகத்தைத் திறந்து, எழுதுவதற்கு ஒன்றுமில்லாமலே பேனாவைத் தேடினார். நேற்றிலிருந்து நெஞ்சில் ஒரு முள் குத்தி நின்றிருந்தது. இவள் பேச்சு அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளியது.

ஏனென்றால் அந்த ஐந்தாவது பெனால்டி எறும்புடையது இல்லை. அது தன் மகனுடையது என்பது அவருக்குத் தெரியும்.

ஆட்டத்துக்கு முதல் நாள் மகன் போன் செய்திருந்தான். "பெனால்டி வரைக்கும் போனா அஞ்சாவது நான்தாம்பா, கோச் சொல்லிட்டார்" என்று பெருமையாகச் சொன்னான். டிவியில் அவர் பார்த்தது வேறு. மகன் நடுக்கோட்டிலிருந்து இரண்டடி வைத்தான். நின்றான். தொடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். எறும்பின் காதில் ஏதோ சொன்னான். எறும்பு நானா என்பதுபோல் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். பிறகு தலையாட்டிவிட்டுப் போனான். கேப்டனுக்குத் தசைப்பிடிப்பு என்றார் வர்ணனையாளர், பாவம் என்றும் சொன்னார். ஊரும் பாவம் என்றது. ஆனால் எல்லாம் முடிந்தபின், அழுதுகொண்டிருந்த கோல்கீப்பரைத் தூக்க அதே கேப்டன் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினான். தசை பிடித்தவன் ஓடுகிற ஓட்டம் இல்லை அது. பெற்றவனுக்கு வேறு சாட்சி எதற்கு?

பத்து மணிவாக்கில் வங்கிக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டையைக் கவுண்டரில் வைத்தவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"யாரு தேய்க்கறது? அந்தம்மாவா?"

"அவங்கதான். பதினஞ்சு வருஷமா உங்க சட்டை அவங்க கையிலதான் நிமிர்ந்து நிக்குது."

"வேண்டாம் சார். மகன் பந்தை மேகத்துக்கு அனுப்பிட்டான், அம்மா என் சட்டையை எங்க அனுப்புவாங்களோ!" வங்கிக்காரர் தானே சிரித்தார். வாசலில் நின்ற இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். "உங்க பையனைச் சொல்லணும் சார். கால் இழுத்துக்கிட்டு நிக்கறான், அப்பவும் கண்ணுல என்ன கம்பீரம்! வளர்ப்புன்னா அது வளர்ப்பு. இவங்க பையனும் இருக்கானே, குருவி தலையில பனங்காய். தாங்குமா?"

போகிற போக்கில் அவர் கவுண்டரில் தயாராக இருந்த தன் சட்டை ஒன்றை எடுத்து, மடிப்புக் கலையக் கசக்கி, மேஜைப் பக்கமாக வீசிவிட்டுப் போனார். அது அந்த அம்மாவின் முகத்தில் பட்டுக் கீழே விழுந்தது. அவள் எடுத்து உதறி மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அவர் சொல்றதுல என்னண்ணே தப்பு?" என்றாள், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கேப்டன் நிக்கறப்ப இவன் எதுக்கு முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டுப் போனான்? அந்தத் தம்பிதான் இவனுக்கு வாழ்க்கையே குடுத்துச்சு. அது பேரையும் சேர்த்துல்ல கெடுத்துட்டான். போன் போட்டா எடுக்க மாட்டேங்கறான். எடுத்தா ரெண்டு வார்த்தை நல்லா கேட்டுடுவேன்னு பயம்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். பழி இங்கே, பத்தடி தூரத்தில், நீராவிக்குள் நின்று சட்டை தேய்த்துக்கொண்டிருந்தது. பாவம் எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். சலவை இயந்திரங்கள் கடகடவென்று சுற்றும் இடத்தில், பேசுவது வெளியே கேட்காது என்று பார்த்துக்கொண்டு, மகனைக் கூப்பிட்டார்.

"அப்பா, விமானம் இறங்கிடுச்சு. சாயங்காலம் வேன்ல வந்துடுவோம். எறும்பும் கூடத்தான் இருக்கான்."

"கால் எப்படி இருக்கு?"

"பரவாயில்லப்பா. சரியாயிடுச்சு."

"அது நேத்தே சரியாத்தானே இருந்துச்சு?"

மகன் பேச்சை மாற்றப் பார்த்தான், அவர் விடவில்லை.

"அஞ்சாவது யாரோடதுடா?"

"அப்பா... அங்க நின்னு பார்த்தாத்தான் தெரியும். அம்பதாயிரம் பேரு. ரெண்டடி வச்சேன், கால் என்னோடது மாதிரியே இல்ல. அவன் பயிற்சியில ஒண்ணுகூட விட்டதில்ல, அதனாலதான்..."

"அதை ஆட்டம் முடிஞ்சவுடனே சொல்லியிருக்கலாமே. நான் பயந்தேன், அவனை அனுப்பினேன்னு."

"கோச் யாருகிட்டயும் பேசக் கூடாதுன்னுட்டார். அவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்பா. 'நான் பார்த்துக்கறேண்ணே'ன்னு சொல்லிட்டான்."

"சொல்ல மாட்டான். உன் கையால சோறு தின்னவன். அதான் அவன் தலையில வச்சியா?" அவர் குரல் இயந்திரச் சத்தத்தையும் மீறி எழுந்தது. தணித்துக்கொண்டார். "உங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தக் கடையில ஒரு வழக்கம் உண்டு. ஒரு சட்டை கருகிட்டா, மடிச்சு அடியில வைக்க மாட்டோம். முன்னாலயே தொங்கவிடுவோம். சட்டைக்காரன் வந்து கேக்கறதுக்கு முன்னாடி, நாங்க கருக்கிட்டோம்னு நாமளே சொல்லுவோம். அதனாலதான்டா நம்ம பேரைச் சொன்னா ஊரு நம்புது. இறங்கினவுடனே எல்லாரு முன்னாடியும் சொல்லு."

"அடிப்பாங்கப்பா."

"அவனை அடிக்கப்போறாங்க, அது பரவாயில்லையா?"

மகன் அழுவது கேட்டது. லாண்டரிக்காரர் போனை வைத்துவிட்டார். முன்கட்டுக்கு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் பில் புத்தகத்தின் முன் உட்கார்ந்தார். இப்போதே சொல்லிவிடலாம்தான். அவன் வாயால் வரட்டும், அப்பன் முந்திக்கொண்டால் பிள்ளைக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது நியாயம் மாதிரி இருந்தது. முழுக்க நியாயம் இல்லை என்பதும் தெரிந்தது.

மதியத்துக்கு மேல் மைத்துனன் வந்தான், மனைவியின் தம்பி. கையில் இரண்டு பெரிய மாலை, பின்னால் தெருவில் பாதி.

"மாமா, தோத்தாலும் நம்ம பையன் சிங்கம். வரவேற்பு தடபுடலா வச்சிருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இந்தம்மாவைப் பின்பக்கமா அனுப்பிடுங்க. ரெண்டு மாசம் வரவேண்டாம்னு சொல்லுங்க. கூட்டம் சூடா இருக்கு, நம்ம கடைமேல ஒரு கல்லு விழுந்தா குடும்ப மானம் என்னாகறது?"

"மானத்தைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"கோவப்படாதீங்க மாமா. உள்ளதைச் சொன்னேன்."

"உள்ளது உனக்குத் தெரியாது. மாலையை ஓரமா வை."

மைத்துனனுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாவுக்கு ஒன்று மட்டும் புரிந்தது, தன்னால் இந்தக் கடைக்குச் சங்கடம் என்று. பெட்டியை அணைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "நான் போறேண்ணே. அவன் வந்தா மட்டும் வேன்லேர்ந்து அப்படியே வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"நில்லும்மா. நீ எங்கயும் போக வேண்டாம்."

வெயில் சாய்ந்தபோது வேன் தெருமுனையில் திரும்பியது. மருந்துக்கடைக் கூட்டம் இப்போது தெருவை அடைத்து நின்றது. சிலர் கையில் தக்காளி, சிலர் கையில் கல். கதவு திறந்து கேப்டன் இறங்கியதும் ஒரே ஆரவாரம். கண்மூடித் திறப்பதற்குள் நாலு பேர் அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். மற்றவர்கள் வேனைச் சூழ்ந்துகொண்டு கண்ணாடியைத் தட்டினார்கள்.

"எறும்பு எங்கடா? புத்துக்குள்ள போயிட்டானா?"

"வெளிய வாடா! ஆகாயத்துல போன பந்து இன்னும் வந்து சேரலியாம், தேடிக் குடுத்துட்டுப் போ!"

எறும்பு கடைசி இருக்கையில் முழங்காலுக்கு நடுவே தலையைப் புதைத்துக் கிடந்தான். ஒரு கல் கண்ணாடியில் பட்டு விரிசல் விட்டது. அவன் அம்மா கத்திக்கொண்டு ஓட, இரண்டு பேர் குறுக்கே நின்று தடுத்தார்கள்.

லாண்டரிக்காரர் கடை வாசலை விட்டு இறங்கவில்லை. தோள்களின்மேல் மிதந்து வந்த மகனின் கண்களை நேராகப் பார்த்தார். கையசைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. மகன் பார்வையைத் திருப்பினான், மறுபடி பார்த்தான். அப்பா அசையவில்லை.

"இறக்கி விடுங்க" என்றான். யாருக்கும் கேட்கவில்லை. "இறக்கி விடுங்கடா!"

இறக்கினார்கள். அவன் வேன் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றான்.

"அஞ்சாவது பெனால்டி என்னோடது. எனக்குக் கால்ல ஒண்ணும் இல்ல. பயந்துட்டேன். இவனைப் போன்னு சொன்னேன்."

கூட்டத்தில் நின்ற வங்கிக்காரர்தான் முதலில் கைதட்டினார்.

"பார்த்தீங்களா, பெருந்தன்மையை! கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பழியை ஏத்துக்க மாட்டான். தலைவன்னா இவன்தான்யா தலைவன்!"

"கேப்டன் வாழ்க!" என்றது கூட்டம். மைத்துனன் மாலையோடு பாய்ந்து வந்தான். இப்படிப்பட்ட தங்கத்தையே பொய் சொல்ல வைத்தானே என்று எறும்பின்மேல் கூட்டத்தின் ஆத்திரம் இரண்டு மடங்கானது. இன்னொரு கல் பறந்தது. மகன், "பொய் இல்ல, பொய் இல்ல" என்று கத்தக் கத்த, அவர்கள் அவனை மறுபடி தோளில் ஏற்றப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லியும் அவனுக்கு அந்தப் புகழிலிருந்து தப்ப வழியில்லாமல் போனது.

லாண்டரிக்காரர் அப்போது இறங்கினார். வயதானவருக்குக் கூட்டம் வழிவிட்டது, கட்டித் தழுவத்தான் போகிறார் என்று. அவர் மைத்துனன் கையிலிருந்த மாலையைத் தள்ளிவிட்டார்.

"அவன் சொன்னது நிஜம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. கேட்பதற்காகக் கூட்டம்தான் தன் குரலைத் தாழ்த்தியது. "அஞ்சாவது நான்தான்னு முதல் நாளே எங்கிட்ட போன்ல சொன்னான். பயந்து பின்வாங்கினது என் மகன். தொடையைப் பிடிச்சது நடிப்பு. இந்தப் பிள்ளை அவன் சொன்னதைச் செஞ்சான், அவ்வளவுதான். எந்த அப்பனாவது பெத்த பிள்ளையை நடுத்தெருவுல பொய் சொல்லி அசிங்கப்படுத்துவானா? யோசிச்சுப் பாருங்க."

யோசித்தார்கள். யோசிப்பது முகங்களில் தெரிந்தது. கைதட்டிய கைகள் எங்கே போவது என்று தெரியாமல் தொங்கின. முதல் தக்காளி கேப்டனின் நெஞ்சில் விழுந்தது. "கோழைப்பய!" என்றது ஒரு குரல். "லாண்டரிக்காரன் வளர்ப்பு இதானா?" என்றது இன்னொன்று. எந்தச் சொல் வாழ்நாளில் தன் காதில் விழக்கூடாது என்று அவர் நினைத்திருந்தாரோ அது விழுந்தது. முதுகு வளையாமல் கேட்டுக்கொண்டார்.

அந்த அம்மா வேனுக்குள் ஏறி மகனைக் கையைப் பிடித்து இறக்கினாள். யாரும் தடுக்கவில்லை. அவனைக் கடிந்துகொள்வாள் என்று பார்த்தால், அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு லாண்டரிக்காரர் முன்னால் வந்து நின்றாள்.

"காலையில நான் வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்த ஆளு சட்டையை என் முகத்துல வீசினப்பவும்?"

"தெரியும்மா."

"நான் என் பிள்ளையைத் திட்டிக்கிட்டு நின்னேன். நீங்க கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க."

கேப்டன், தக்காளிச் சாறு வழிய, எறும்பின் பையை எடுத்துக்கொண்டு கூடவே ஓரடி வைத்தான். "வேண்டாம் தம்பி, அவனோடதை அவன் தூக்குவான்" என்று பையை வாங்கி மகன் தோளில் மாட்டினாள். இருவரும் தெருவின் நடுவிலேயே நடந்து போனார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

"மாமா, பின்பக்கமா போயிடலாம். சீக்கிரம்!" மைத்துனன் அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

லாண்டரிக்காரர் கையை விடுவித்துக்கொண்டார். மகனுடைய முழங்கையைப் பிடித்து முன்வாசல் வழியாகவே கடைக்குள் கூட்டிப்போனார். கவுண்டருக்குப் பின்னால், தெருவில் நிற்கிற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இரண்டு நாற்காலி போட்டார். ஒன்றில் மகனை உட்காரச் சொன்னார். மற்றதில் தான் உட்கார்ந்தார். வெளியே சத்தம் ஏறிக்கொண்டேயிருந்தது. கடை மூட இன்னும் நேரமிருந்தது.