துணித் தவளை

கட்டிலைச் சுற்றி நின்ற மூன்று பேருக்கும் எல்லாம் புரிந்தது. படுத்திருந்தவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. வயிறு என்னவோ அவருடையதுதான்.

"மெட்டாஸ்டாசிஸ் இருக்கு. ஹெப்பாட்டிக்," என்றார் இளம் டாக்டர்.

"பிரைமரி அடினோகார்சினோமாதானே?" என்று கேட்டார் மூத்தார். மருந்துக்கடைக்காரர். இந்த மாதிரிப் பெயர்களைச் சொல்லும்போது அவர் தோளில் ஒரு மிடுக்கு ஏறிவிடும். உடன்பிறந்த தம்பியின் கட்டிலருகிலும் அது ஏறியதைப் பார்த்து, தம்பியின் மனைவியான டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்கிற பிள்ளையைப் பெஞ்சின் மேல் ஏற்றிவிடுவாள். 'ஹெப்பாட்' என்றால் கல்லீரல், 'கார்சினோ' என்றால் நண்டு. நண்டு, இறால் பாடம் வரும்போதே, அந்த நண்டின் பெயரைப் பழைய காலத்து வைத்தியர்கள் கட்டிக்கு ஏன் வைத்தார்கள் என்பதையும் சொல்வாள். கட்டியைச் சுற்றிப் புடைத்த நரம்புகள் அவர்களுக்கு நண்டுக்கால்களாகத் தெரிந்தனவாம். 'மெட்டாஸ்டாசிஸ்' என்றால் இடம் மாறுவது. "வாடகை வீடு மாத்துற மாதிரிதான்டா," என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

கணவரிடம் வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவர் முன்னால் எதைப் பேசினாலும் படித்த வார்த்தையில் பேசிக்கொள்ள வேண்டும் என்பது மூத்தாரின் ஏற்பாடு. "அவன் பயந்தாங்கொள்ளிம்மா. தெரிஞ்சா அன்னைக்கே படுத்துடுவான்," என்றார். அழுது ஓய்ந்திருந்த நேரம். அவளும் தலையாட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவர் யார் பேசினாலும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

டாக்டர் வெளியே வந்ததும் அவளோடு மூத்தாரும் பின்னாலேயே வந்தார். "நாளைக்கு முதல் ஊசி. சத்து ஊசின்னு சொல்லிக்கலாம்."

"பேஷன்ட்கிட்ட நானே ஒரு வார்த்தை..." என்று டாக்டர் இழுத்தார்.

"வேண்டாம் டாக்டர், நாங்க பாத்துக்கறோம்."

டாக்டர் உடனே நடையைக் கட்டினார். தப்பித்தோம் என்ற அவசரம் அந்த நடையில் தெரிந்தது.

"முடி கொட்டுனா என்ன சொல்லுவீங்க மாமா? சத்து ஜாஸ்தியாயிடுச்சுன்னா?"

"மெதுவாப் பேசும்மா."

"இத்தனை வருஷம் தையல்கடையில அளவு எடுக்காம, அவங்க வாயால கேக்காம, யார் துணியிலயும் அவர் கத்திரி வெச்சதில்ல. அவர் உடம்புல மட்டும் நாம கேக்காமலே கை வைப்போமா?"

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு."

"இருந்துட்டுப் போறேன்."

நேராகப் பள்ளிக்குப் போனாள். ஆய்வுக்கூட அலமாரியிலிருந்து துணித் தவளையை எடுத்துக்கொண்டாள். பள்ளியில் தவளை அறுப்பதை நிறுத்தியபோது கணவர் தைத்துக் கொடுத்தது. பச்சைக் கார்டுராய் உடம்பு. வயிற்றைத் திறந்தால் உள்ளே ஒவ்வொரு உறுப்பும் ஒரு துணி. கழற்றவும் மாட்டவும் பிரஸ் பட்டன். ஒவ்வொன்றும் என்ன வேலை செய்யும் என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியில் நூல் கோத்தார். கணையத்துக்கு மஞ்சள் லைனிங் துண்டு. இரைப்பைக்குப் பின்னால் அதைப் பொருத்துவதற்குள் விரலில் நாலைந்து தடவை குத்திக்கொண்டு, "இத மட்டும் எதுக்கு டீச்சர் இப்படி ஒளிச்சு வெச்சிருக்கு?" என்று சலித்துக்கொண்டார். கட்டிய மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தவளையைப் பார்த்ததும் அவர் எழுந்து உட்கார்ந்தார். "என்ன டீச்சர், தையல் விட்டுடுச்சா?" கை தானாகவே தையலோரம் ஓடியது.

"இல்லீங்க." வயிற்றைத் திறந்தாள். பட்டன்கள் டப்டப்பென்று விட்டன. இரைப்பையைக் கழற்றி மெத்தையில் வைத்தாள். அவர் விரலைப் பிடித்து மஞ்சள் துணியின் மேல் வைத்தாள். "உங்களுக்கு வயித்துப்புண் இல்ல. இங்க கேன்சர்."

தெருவில் யாருக்கும் தெரிந்த சொல் அது. அவர் விரலை எடுக்கவில்லை.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பொடி டாக்டருக்கு?"

"ம்."

"உனக்கு?"

"முதல்லேருந்தே."

அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. கடையில் யாராவது பொய் சொல்லித் துணியை மாற்றிக் கொடுத்தால்தான் அப்படி ஆவார். "என் வயித்தப் பத்தி என் தலைக்கு மேலயே நின்னு பேசிருக்கீங்க. நான் கொடியில காயுற சட்டையாட்டம் கேட்டுட்டுக் கிடந்திருக்கேன். மத்தவங்கள விடு. நீயுமா டீச்சர்?"

அவளுக்கு, அவர் அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் பொருள் சொன்னவள், ஒரே ஒரு ஆளுக்குச் சொல்லாமல் விட்டாளே என்று தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

மூத்தார் மருந்துப் பையோடு உள்ளே வந்தார். திறந்து கிடந்த தவளையைப் பார்த்துக் கதவோரமே நின்றுவிட்டார். "தம்பி, அது வந்து..."

"ஊசி போட்டுக்கறதா வேண்டாமான்னு நான் சொல்றேன்ணே. நீ சும்மா இரு." அவர் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. "டீச்சர், என் சட்டைப் பையில சாக்பீஸ் இருக்கும். எடு."

ஆணியில் தொங்கிய சட்டையில், குறி போடுகிற தட்டையான வெள்ளைக் கட்டி இருந்தது.

"எது வரைக்கும் போயிருக்கு? கோடு போட்டுக் காட்டு."

மஞ்சளிலிருந்து தொடங்கினாள். கல்லீரலின் அரக்கு வெல்வெட்டுக்கு வந்ததும் கோடு நெளிந்து பாதியில் நின்றது.

"அழிச்சுட்டு ஒழுங்காப் போடு," என்றார். துணி சுருங்காமல் இருக்க, தவளையை இரண்டு பக்கமும் இறுக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டார்.