மூன்று கிலோவுக்குள் ஒரு கூடாரம்

இடக்கையில் மூன்று கிலோ ரேஷன் அரிசி, வலக்கையில் கூடாரம். எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டுக்குள் நின்று இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தான் அய்யாவு. ஃபாக்டரியில் தேயிலை மூட்டை கட்டிய கை, எடையில் ஏமாறாது. கூடாரம்தான் லேசு. மனிதனுக்குத் தலைகால் புரியவில்லை.

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போய் பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகள் மூடிக் கிடந்த நேரம். மசினகுடியில் விடுதி நடத்தும் கீர்த்திவாசன், மூன்று கிலோவைத் தாண்டாமல், முந்நூறு ரூபாய் அடக்கத்தில் ஒரு கூடாரம் செய்து காட்டினால் பத்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். தரைக்குத் தேயிலை மூட்டையின் உள்பக்கத்து வெள்ளித்தாள், தாங்குவதற்கு உடைந்த குடைகளின் கம்பி. கூரைக்குத்தான் திண்டாடிப்போனான். தார்ப்பாய் கனம். புதுப் பிளாஸ்டிக் என்றால் காசு. கடைசியில், நேற்றுச் சாயந்திரம், கொடியில் கிடந்த மனைவியின் பிளாஸ்டிக் படங்கில் கத்தரியை வைத்துவிட்டான். மழையில் கொழுந்தெடுக்கும்போது சுப்பம்மா போர்த்திக்கொள்வது. எஸ்டேட்டே மூடிவிட்டது, இனி அவளுக்கு எதற்கு? அடக்கக் கணக்கிலும் அதைச் சேர்க்கவில்லை. வீட்டில் சும்மா கிடந்ததுதானே.

காலையில் அவள் வெறும் கொடியைப் பார்த்தாள், கூடாரத்தைப் பார்த்தாள். பிறகு, உடம்பு சரியில்லாத அக்காவைப் பார்க்கப் போவதாக எப்போதும்போலச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

மாலையில் மழையோடு திரும்பினாள்.

"எப்படியும் நனைஞ்சிட்ட. ஒருக்கா கூடாரத்துக்குள்ள ஒக்காரு, தண்ணி ஊத்திப் பாத்துருவோம்" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். ஒரு குடம் முழுக்கக் கூரைமேல் கவிழ்த்துவிட்டு எட்டிப் பார்த்தான். வெள்ளித்தாளில் தண்ணீர் தேங்கி நின்றது. உள்பக்கமாகத் தையல் தையலாக விரலால் தடவினான். எங்கும் ஈரமில்லை.

"கூரை ஒழுகல. எஞ் சீலையில இருந்து வடியுது" என்றாள் சுப்பம்மா.

"அக்கா ஊட்ல ஒரு கொட கூடவா இல்ல?"

"அக்கா நல்லாத்தான் இருக்கு. நான் பக்கத்துச் சின்னத் தோட்டத்துல அரைக்கூலிக்குக் கொழுந்து எடுக்குறேன். அடுத்தவன் தோட்டத்துக்குப் போகக்கூடாதுன்னு குதிப்பீங்க. அதான் சொல்லல."

அவனுக்குக் கூசிப்போயிற்று. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், தையலைப் பிரிக்கக் கத்தரியை எடுத்தான்.

"வேணாம், பிரிக்காதீங்க. நல்லாத்தான் வந்திருக்கு." தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள், "மிச்சம் ஒம்பதுக்கு யாரு படங்க வெட்டுவீங்க?"

அய்யாவு வாசலுக்கு வந்தான். வெளியே லயத்து வாசல்தோறும் படங்குகள் தொங்கின. எத்தனை தேறும் என்று மத்தியானம்தான் எண்ணி வைத்திருந்தான். அப்போது கொடியில் ஏழெட்டுதான் இருந்தன. இப்போது தோட்டத்துக்குப் போனவையும் திரும்பி எல்லா வாசலிலும் இருந்தன, எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.